காணவில்லையா, இல்லையா? பத்தாங் பெர்ஜுந்தையில் ஓர் ஓடைக்கரைக் கணக்கு

பழைய செம்பனைகளை, அதாவது எண்ணெய்ப்பனைகளை, சாய்த்து மறுநடவு செய்வதற்கு முன் எங்கள் தோட்ட நிர்வாகம் வாங்கிவைத்திருந்த அறிக்கையில் ஓடைக்கரையைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "குறிப்பிடத்தக்க விலங்குகள் இல்லை." எழுதியவர் இரண்டு முறை ஓடையோரம் நடந்து பார்த்திருந்தார், இரண்டும் பகலில். அவர் பொய் எழுதவில்லை. எதையும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நடந்தபோது "பார்க்கவில்லை" என்றிருந்தது தாளில் ஏறும்போது "இல்லை" ஆகிவிட்டது. எங்கள் வேலை தொடங்கியது அந்த இடத்தில்தான்.

எட்டுத் தானியங்கிக் கேமரா, ஒரு பழைய மடிக்கணினி, காசு கொடுக்காமல் கிடைக்கிற நான்கு மென்பொருள், சனி ஞாயிறுகள். எங்கள் கையில் இருந்தது இவ்வளவுதான். ஆட்கள் என்று பார்த்தால் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர், அவரிடம் படித்த நாங்கள் நான்கு பேர், தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த என் அப்பா. நான் ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்ப்பவன். விலங்கியல் படித்தவர் எங்களில் யாரும் இல்லை. அதனால் நடந்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே வேலையை வேறு தோட்டத்தில் செய்ய நினைப்பவருக்கு எங்கள் வெற்றியைவிட அவைதான் உதவும்.

ஊரும் ஓடையும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரை 2007 முதல் பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்கிறது. ஊர்த் தமிழர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையை விடவில்லை. சிலாங்கூர் ஆறு ஊரை ஒட்டிப் போகிறது. கீழே கம்போங் குவாந்தானில் மின்மினிகளைக் காட்டிப் பெயர் வாங்குவதும் இதே ஆறுதான். ஈயம் தோண்டிவிட்டுப் போன குளங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய தோட்டங்கள். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகொன்னியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது எங்கள் வட்டாரத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனையின் முதல் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

என் அம்மா 1970களில் மகரந்தம் தூவும் வேலைக்குப் போனவர். செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் பூக்கும். இரண்டையும் சேர்த்துவைக்கும் திறமையுள்ள பூச்சி அன்று இங்கே இல்லாததால், பெண்கள் மகரந்தப் பொடியை எடுத்துக்கொண்டு மரம் மரமாக ஏறி இறங்கினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து அரிசியைவிடச் சிறிய ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் அந்த வேலையே மறைந்துபோனது. வண்டு தோட்டத்தின் வருமானத்தை ஏற்றியது, எங்கள் வீட்டு வருமானத்தை இறக்கியது. பல்லுயிர் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

இனி ஓடைக்கு வருகிறேன். ஐந்து மீட்டர் அகலம்கூட இல்லாத ஓடை அது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டிப்படி, 10 முதல் 20 மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்க வேண்டும். 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர் போதும். ஆனால் எங்கள் ஓடை ஒரு வளைவில் சதுப்பாகப் பரந்துவிடுகிறது. முன்பு நட்டவர்கள் டிராக்டர் இறங்காது என்று அந்த வளைவை விட்டுவிட்டார்கள். தாழையும் பெரணியும் சில பெரிய காட்டு மரங்களுமாக, கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டருக்கு ஒரு தோப்பு அங்கே நிற்கிறது. செம்பனைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுதான் வாழ்வு. மறுநடவின்போது பழைய மரங்கள் எல்லாவற்றையும் சாய்ப்பார்கள். இந்த முறை வடிகால் வெட்டி வளைவையும் சேர்த்து நடலாம் என்ற யோசனை இருந்தது. அந்த வழிகாட்டியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

உதவி நிர்வாகி நல்ல மனிதர். டீச்சர் போய்ப் பேசியபோது, "இருக்கிறது இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள் டீச்சர். எங்கே இருக்கிறது, வரிசைகளுக்குள் இல்லாதபடி அங்கே மட்டும் இருக்கிறதா என்று காட்டுங்கள்" என்றார். கேள்வி எங்களுக்கு அவர் வாயிலிருந்துதான் கிடைத்தது. ஓடைக்கரையில் என்னென்ன விலங்கு என்று பட்டியல் போடுவது சுலபம், அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. கரைக்கும் வரிசைக்கும் வித்தியாசம் உண்டா என்பதே தீர்க்க வேண்டிய கணக்கு.

கேமராவும் எறும்பும்

பதினாறு இடங்களைக் குறித்தோம். எட்டு ஓடையோரம், எட்டு செம்பனை வரிசைகளுக்குள். கேமரா எட்டுதான் என்பதால் இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரு வகை இடமும் சரிபாதி. முழங்கால் உயரத்தில் கட்டினோம், இரை எதுவும் வைக்கவில்லை. ஒரு கேமராவுக்கு எட்டு பேட்டரி வீதம் அறுபத்து நான்கு. மென்பொருள் இலவசம் என்று பெருமையாகச் சொன்னேனே, செலவெல்லாம் பேட்டரிக் கடையில் போனது.

இந்தக் கேமராக்கள் கண்ணால் பார்த்துப் படம் எடுப்பதில்லை. சுற்றுப்புறத்தின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட ஒன்று நகர்ந்தால் அதன் உணரி விழித்துக்கொள்கிறது. வெயில் பட்டுச் சூடேறிய மட்டை காற்றில் ஆடினாலும் விழித்துக்கொள்ளும். உச்சிவெயிலில் மண்ணும் விலங்கும் ஒரே சூட்டில் இருந்தால் பன்றியே கடந்துபோனாலும் தூங்கிவிடும். இதை முதலிலேயே புரிந்துகொண்டிருந்தால் பின்னால் பட்ட பாட்டில் பாதி மிச்சமாகியிருக்கும். ஒரு கேமராவுக்குள் எறும்புகள் குடியேறி முட்டையும் வைத்திருந்தன. பல்லுயிர்ப் பாதுகாப்புக்குப் போன இடத்தில் அவற்றைத் துடைத்தெறிய டீச்சருக்கு மனம் வரவில்லை. இன்னொரு கேமராவை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது மட்டும் காணவில்லையும் இல்லையும் ஒன்றாகவே ஆன கதை.

கேமராக்களின் நினைவக அட்டைகளை எடுத்து வந்தபோது ஆயிரக்கணக்கான படங்கள். பெரும்பாலானவை ஆடும் மட்டைகள். இவற்றைக் கழிக்க மெகாடிடெக்டர் என்ற கருவியைப் பயன்படுத்தினோம். மைக்ரோசாஃப்ட் குழு ஒன்று உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது அது. படத்தில் விலங்கோ மனிதரோ வண்டியோ இருந்தால் சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுக் காட்டும். விலங்கின் பெயரைச் சொல்லாது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை இரவு என் மடிக்கணினியில் ஓடவிட்டால் ஞாயிறு வரை மின்விசிறியைப் போல இரைந்துகொண்டிருக்கும். பெயர் சொல்லும் வேலை எங்களுடையது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால் கிரீன்பெர்க் எழுதிய டைம்லாப்ஸ் என்ற மென்பொருளில் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பெயரிட்டு, ஒத்துவராதவற்றை டீச்சரிடம் கொண்டுபோனோம். சிறுத்தைப்பூனை, மூசாங் எனும் மரநாய், காட்டுப்பன்றி, உடும்பு, நீண்டவால் குரங்கு, வெண்மார்புக் கானாங்கோழி. ஊர்ப்பூனையும் நாயும் எண்ண முடியாத அளவுக்கு.

மனிதர்களும் வந்தார்கள். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள், குறுக்குப் பாதையில் போகும் வங்காளதேசத் தொழிலாளர்கள், வேலை நேரத்தில் கரையில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் ஒருவர். விஷயம் எப்படியோ வெளியே போய், "திருட்டுப் பழம் எடுப்பவர்கள் தெரிந்தால் அந்தப் படங்களைக் கொடுங்கள்" என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் கேட்டார். அப்பா வாழ்நாளில் ஒரே ஒருமுறை கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். விலங்கைப் பார்க்க வைத்த கண்ணால் மனிதரை வேவு பார்த்தால், அடுத்த வாரம் ஒரு கேமராவும் மரத்தில் இருக்காது; இருக்கவும் கூடாது. மெகாடிடெக்டர் மனிதர் என்று குறித்த படங்கள் எல்லாவற்றையும் நாங்கள் மறுபடி திறந்துகூடப் பார்க்காமல் அழித்தோம். அழித்துவிட்டோம் என்று காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டில் அப்பா நின்று சொன்னார், மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. திருடுபோன கேமரா அதற்கு அடுத்த நாள் அலுவலகத் திண்ணையில் கிடந்தது.

மூன்று தவறுகள்

முதல் தவறு எண்ணிக்கையில். விலங்குவாரியாகப் படங்களை எண்ணி ஒரு வரைபடம் போட்டேன். மூசாங்கின் பட்டை கூரையை முட்டியது. தோட்டமே மூசாங் காடு என்று எழுதப் போனேன். டீச்சர் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரே கேமரா, கீழே விழுந்து கிடக்கும் ஒரே பழக்குலை, இரவுதோறும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே மூசாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. படம் எத்தனை என்பது விலங்கு எத்தனை என்பதாகாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்த தொடர்படங்களை ஒரே வருகையாக எடுத்துக்கொள்வது வழக்கம். நாங்கள் அரை மணி நேரம் வைத்தோம். அதன் பிறகும் ஒரு விலங்கின் எண்ணை இன்னொரு விலங்கின் எண்ணோடு ஒப்பிட முடியாது. பன்றியின் உடம்பு உணரிக்குத் தெரிவதுபோல் எலியின் உடம்பு தெரியாது.

இரண்டாவது கடிகாரத்தில். இரவில் நடமாடும் சிறுத்தைப்பூனை ஒரு கேமராவில் மட்டும் நண்பகலில் உலாவியது. புதிய கண்டுபிடிப்பு என்று எங்களில் இளையவன் துள்ளினான். ஆனால் நண்பகல் படம் ஏன் கறுப்புவெள்ளையில் இருக்கிறது? அகச்சிவப்பு விளக்கு எரிந்து எடுத்த இரவுப் படம் அது. பேட்டரி மாற்றியபோது முற்பகல் பிற்பகலை யாரோ மாற்றி வைத்திருக்கிறோம். யாரோ என்ன, நான்தான். நல்லவேளையாக டீச்சர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கேமராவைக் கட்டியதும் கைப்பேசியின் நேரத்தை அதன் முன்னால் காட்டி ஒரு படம் எடுக்கவைப்பார். அந்தப் படத்தை வைத்து எவ்வளவு பிசகு என்று கண்டுபிடித்து, அந்தக் கேமராவின் எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் நகர்த்தினோம். தானியங்கிக் கேமராக்காரர்களுக்காக ஆர் (R) என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட கேம்டிராப்ஆர் தொகுப்பில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. அது இருக்கிறது என்பதிலேயே எனக்கு ஓர் ஆறுதல்: நம்மைப் போலவே உலகத்தில் பலர் கடிகாரத்தைத் தவறாக வைக்கிறார்கள்.

மூன்றாவது தவறு எங்களைக் கவிழ்த்திருக்கும். ஒவ்வொரு கேமராவும் ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் எங்கள் கணக்கின் உயிர். கேமரா இருந்த இடங்களைக் கைப்பேசியில் குறித்தோம். ஓடையை அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய தோட்ட வரைபடத்திலிருந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். கணக்குப் போட்டால் விலங்குகள் ஓடையை வெறுத்து ஓடுவதுபோல் விடை வந்தது. அந்த விடையை உதவி நிர்வாகியிடம் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி.

செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்தபோது டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, மாரியம்மன் எப்போது ஓடைக்குள் இறங்கினாள்?" என்று கேட்டார். என் ஓடை தோட்டத்துக் கோயிலின் கருவறை வழியாக ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. பழைய மலாயா வரைபடங்கள் பகாங்கில் உள்ள கெர்த்தாவை ஆதாரமாகக் கொண்ட 1948ஆம் ஆண்டு அளவையில் வரையப்பட்டவை. கைப்பேசி பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது அளவையை. பூமியின் வடிவத்தையும் மையத்தையும் இரண்டும் வேறு வேறாக எடுத்துக்கொள்கின்றன. ஒன்றின் எண்ணை மற்றதாக நினைத்து இட்டால், நம் வட்டாரத்தில் நூறு மீட்டருக்கும் மேல் இடம் தள்ளிப்போகும். நூறு மீட்டர் என்பது தேசிய வரைபடத்தில் ஒரு தூசு. எங்கள் ஓடைக்கோ, கரையில் நிற்கிற கேமராவைச் செம்பனைக்குள் அனுப்பவும் செம்பனைக்குள் நிற்பதைக் கரைக்குக் கொண்டுவரவும் அது போதும். வரைபடம் எந்த அளவையில் இருக்கிறது என்று ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் கியூஜிஐஎஸ் மீதியைத் தானே மாற்றிக்கொள்ளும். சொல்லாவிட்டால் கேட்காது. அம்மன் கோயில் அந்த இடத்தில் இல்லாதிருந்தால் தவறான விடையை வைத்துக்கொண்டு தோப்பை நாங்களே வெட்டக் கொடுத்திருப்போம்.

செக்ரோல் பாடம்

இனி இந்த வேலையின் மையத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி.

ஓர் இடத்தில் சிறுத்தைப்பூனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ஓர் இரவிலும் அது கேமராவின் முன் வந்து அகப்படுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் அது அகப்படாமல் போவதற்கு வாய்ப்பு 95 சதவீதம். பதினான்கு இரவும் அகப்படாமல் போக, 0.95ஐ அதனாலேயே பதினான்கு முறை பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 49 சதவீதம். அதாவது இரண்டு வாரம் கேமரா வைத்தும், இருக்கிற பூனையை இல்லை என்று எழுதிவிடும் அபாயம் பாதிக்குப் பாதி. முப்பது இரவில் அது 21 சதவீதமாகக் குறையும். அறுபது இரவு வைத்தால்தான் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். இரண்டு பகல் நடந்து பார்த்தவரின் ஒற்றை வரிக்கு என்ன மதிப்பு என்று இப்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஐந்து சதவீதத்தை யார் சொன்னது? இங்கேதான் டாரில் மெக்கன்சியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2002இல் வெளியிட்ட முறை வருகிறது. ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் பார்த்தால், சில நாள் தெரிந்து சில நாள் தெரியாமல் போகும் அந்த ஒழுங்கிலிருந்தே, இருந்தால் தெரியும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடலாம். அதை வைத்து, ஒருமுறையும் தெரியாத இடங்களில் எத்தனையில் விலங்கு உண்மையில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடலாம். இதைச் செய்ய ஆர் மொழியில் அன்மார்க்ட் என்ற தொகுப்பு இருக்கிறது. ஆர் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய மொழி. காசு கிடையாது, ஆனால் முதல் மாதம் தலைவலி உண்டு.

இதை அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று திணறிக்கொண்டிருந்தேன். அட்டவணையைக் காட்டினேன். இடது பக்கம் பதினாறு இடங்கள், மேலே நாட்கள். பூனை வந்தால் 1, வராவிட்டால் 0, கேமரா வேலை செய்யாத நாள் வெற்றுக்கட்டம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது செக்ரோல்தானே" என்றார்.

முப்பத்தொரு ஆண்டு அவர் எழுதிய தொழிலாளர் வருகைப் பதிவேடு. இடது பக்கம் ஆள் பெயர், மேலே தேதி. "வேலைக்கு வராதவனுக்கு ஒரு குறி போடுவேன். நான் அந்தக் காட்டுப் பக்கம் போகாத நாளில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். புதிதாக வந்த கிராணி ஒருத்தன் வெற்றுக்கட்டம் எல்லாவற்றையும் ஆப்சென்ட் என்று எடுத்துக்கொண்டு பதினைந்து பேருக்குச் சம்பளத்தை வெட்டிவிட்டான். தொழிலாளர் லயமே அலுவலகத்துக்கு முன்னால் வந்து நின்றது." சொல்லிவிட்டு என் அட்டவணையில் விரலை வைத்தார். எறும்பு குடியேறிய கேமராவின் வரிசையில், அது செத்துக் கிடந்த நாட்களுக்கெல்லாம் நான் 0 போட்டிருந்தேன். கிடங்கில் எண்ணாத பெட்டிக்கும் காலிப் பெட்டிக்கும் வித்தியாசம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான்.

சரிசெய்தேன். விடை என்ன? இங்கே என்னால் முரசு கொட்ட முடியவில்லை. பதினாறு இடம் என்பது இந்த முறைக்கு மிகக் குறைவு. ஓடைத் தூரம், அடர்த்தி, பாதை என்று நான்கைந்து காரணிகளைச் சேர்த்தபோது மென்பொருள் பிழைக் குறிகளைக் கொட்டியது. தூரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். சிறுத்தைப்பூனை வரிசைகளுக்குள்ளும் வருகிறது. ஓடையை நெருங்க நெருங்க அது இருக்கும் வாய்ப்பு ஏறுகிறது. எவ்வளவு ஏறுகிறது என்பதன் வரம்பு மிக அகலமானது. கானாங்கோழியைக் கரைக் கேமராக்களைத் தவிர வேறெதுவும் பார்க்கவில்லை. காட்டுப்பன்றிக்கோ கரையும் வரிசையும் ஒன்றுதான். இந்தப் பன்றி விடையை மறைத்துவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. பன்றி இளங்கன்றைத் தோண்டித் தின்னும். மறுநடவு செய்யப்போகிறவரிடம் பன்றிப் படத்தைக் காட்டுவது நம் வழக்கை நாமே கெடுப்பது. டீச்சர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "எழுது."

எழுதியது நல்லதாகப் போயிற்று. "தோப்பை விட்டால் பன்றிக்கு வீடு கட்டிக்கொடுத்தது போல்தானே?" என்றுதான் உதவி நிர்வாகி முதலில் கேட்டார். பன்றிக்குத் தோப்பு தேவைப்படவில்லை, அது எங்கும்தான் இருக்கிறது என்று காட்டக் கணக்கு கையில் இருந்தது.

செம்பனைப் பழத்தைத் தின்னும் எலியின் கணக்குதான் அவர் காதில் விழும் என்று எங்களுக்குத் தெரியும். எலியைப் பிடிக்கும் கூகைகளுக்கான கூட்டுப் பெட்டிகள் தோட்டத்தில் ஏற்கெனவே நிற்கின்றன. பேராக்கின் செகாரி பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. காட்டோரச் செம்பனைக்குள் வரும் பெரோக் எனும் பன்றிவால் குரங்குக் கூட்டம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 3,000 எலிகளைத் தின்கிறது என்றும், அவை வழக்கமாக வந்தால் எலிச் சேதம் 10 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கலாம் என்றும் அதில் மதிப்பிட்டிருந்தார்கள். பெரிய ஆசை காட்டும் எண்கள். ஆனால் எங்கள் கேமராவில் வந்தது நீண்டவால் குரங்கு, பெரோக் அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை நம் பிள்ளையின் அட்டையில் எழுத முடியாது. சிறுத்தைப்பூனையைப் பற்றிச் சபாவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. அங்கே அது செம்பனைக்குள் வேட்டையாடியது, அதன் உணவில் எலியே முதலிடம். அதை மட்டும் அது நடந்த இடத்தின் பெயரோடு குறிப்பிட்டோம்.

கொடுத்த வரைபடத்தில் கேமராப் புள்ளிகளைப் போடவில்லை. கரையைப் பட்டைகளாகப் பிரித்து நிறம் மட்டும் தீட்டினோம். எந்தத் தாழைக்கடியில் பூனை குட்டி வைத்திருக்கிறது என்பது நிர்வாகத்துக்குத் தேவையில்லை. கண்ணி வைப்பவனுக்குத்தான் தேவை.

கணக்கில் வராத நீர்நாய்

லயத்துக் கடைசி வீட்டு அத்தை ஓடையில் மீன் கூடு போடுபவர். அறிக்கையை முடிக்கும் நேரத்தில் வந்து, "நீர்நாயைப் பற்றி எழுதினாயா?" என்று கேட்டார். எங்கள் கேமராக்களில் நீர்நாய் ஒன்றுகூட இல்லை என்றேன். "அப்படியென்றால் என் கூட்டைக் கடித்துப் பிய்த்தது யார், உன் அப்பாவா?"

மறுநாள் காலை அவரோடு போனேன். வளைவுக்குக் கீழே ஒரு சாய்ந்த மரத்தின் மேல் மீன் செதிளும் முள்ளும் கலந்த எச்சம். ஈர மண்ணில் விரலிடைச் சவ்வு பதிந்த தடம். எந்த இன நீர்நாய் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஆனால் நீர்நாய்தான். எங்கள் கேமரா ஒன்று அங்கிருந்து சத்தம் கேட்கும் தூரத்தில் நின்றிருக்கிறது. தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறிவரும் நீர்நாயின் ரோமம் குளிர்ந்து நனைந்திருக்கும். உடற்சூடு வெளியே தெரியாது, உணரி விழிக்காது. இங்கே அகப்படும் வாய்ப்பு ஐந்து சதவீதம்கூட இல்லை, சுழியத்தை ஒட்டியது. அறுபது இரவு அல்ல, ஆறு மாதம் வைத்தாலும் மென்பொருள் 0, 0, 0 என்றுதான் வாங்கிக்கொள்ளும். ஒருமுறையாவது தெரிந்த விலங்குக்குத்தான் மெக்கன்சியின் முறை கணக்குப் போடும். முற்றிலும் தெரியாததைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது.

இரண்டு பகல் நடந்துவிட்டு "இல்லை" என்று எழுதியவரை நான் மனத்துக்குள் எவ்வளவு பேசியிருக்கிறேன். அவரிடமாவது கேமரா இருக்கவில்லை.

நீர்நாயை அட்டவணையில் சேர்க்க முடியாது. முறை வேறு, இடமும் நாளும் தேர்ந்தெடுத்ததல்ல. தனிப் பக்கத்தில் எழுதினோம்: யார் சொன்னது, எங்கே எச்சம், எந்தத் தேதி, கேமரா ஏன் தவறவிட்டிருக்கலாம். கூடவே அத்தையின் பிய்ந்த கூட்டின் படம்.

நிர்வாகம் என்ன செய்தது

அரைகுறையாகத்தான் கேட்டார்கள். வளைவில் உள்ள தோப்பை வெட்டவில்லை. அங்கே வடிகால் வெட்டும் செலவும் கூட வந்து எங்கள் பக்கம் நின்றது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. வளைவுக்கு மேலே, ஓடையின் நேரான பகுதியில், வழிகாட்டி சொன்ன ஐந்து மீட்டரைக் கயிறு பிடித்து அளந்துவிட்டு மீதியைச் சாய்த்தார்கள். அங்கே எங்கள் கணக்கின் வரம்பு மிக அகலமாக இருந்தது. வலுவாகப் பேச எங்களிடம் எதுவும் இல்லை. இன்னும் முப்பது இடங்களில் கேமரா வைத்திருந்தால் பேசியிருக்கலாம். எலிக்கு வைக்கும் நஞ்சில், தின்ற எலியைத் தின்னும் கூகையையும் பூனையையும் சேர்த்துக் கொல்லும் இரண்டாம் தலைமுறை வகையைக் கரையோரம் தவிர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைப்பிடிக்கிறார்களா என்று அப்பா கிடங்குப் பக்கம் போகும்போதெல்லாம் சாக்கில் உள்ள பெயரைப் படித்துவிட்டு வருகிறார்.

இளங்கன்றுகள் இப்போது முட்டி உயரம். மூன்றாவது சுற்றுக்குக் கேமராக்களைக் கட்டியிருக்கிறோம். இந்த முறை இரண்டு கேமராக்கள் உணரியை நம்பாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாகவே படம் எடுக்கின்றன, சாய்ந்த மரத்தைப் பார்த்தபடி. தோட்ட அலுவலகத்தின் விலங்குப் படிவத்திலும் ஒரு மாற்றம். "விலங்கு", "உண்டு / இல்லை" என்ற இரண்டு பத்திகளுக்கு நடுவே அப்பா அடிக்கோல் வைத்து மூன்றாவதாக ஒன்றைக் கிழித்துச் சேர்த்திருக்கிறார்: "எத்தனை இரவு தேடியது". நீர்நாய்க்கு நேரே அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதில் 0 போட வேண்டாம் என்று இளைய கிராணியிடம் சொல்லிவைத்திருக்கிறார்.